பாக்கெட்டின் மேல் நான் எழுதியது குறித்துச் சின்ன மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய சின்ன மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதுவது. நீங்களும் அத்தையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் இடுப்பு வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. லாரியில் எங்காவது தூரமாகப் போயிருப்பீர்கள், திங்கட்கிழமைதான் திரும்புவீர்கள் என்று அம்மா சொல்கிறாள். அதனால் உங்கள் லாரி அலுவலகத்து முகவரிக்கு எழுதுகிறேன். போனை உயிர்ப்பித்ததும் எங்கள் முதலாளி கூப்பிட்டிருப்பது அதில் தெரியும். தயவுசெய்து அவரிடம் பேசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் கடைசியிலிருந்து தொடங்குவார். கடைசியிலிருந்து கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

பிஸ்கட் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்ட அன்று முதலாளியிடம் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வாயே திறக்காது சார். ஒட்டச் சொன்னா ஒட்டும், கட்டச் சொன்னா கட்டும்" என்றீர்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம் என் கையை விட்டுப் போனதற்கு அடுத்து, எனக்குக் கிடைத்த நல்ல இடம் அதுதான். அங்கே யாரும் என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வதில்லை. அடுப்பில் நிற்கிற அண்ணன் நாள் முழுக்கத் தட்டைத் தூக்கிக்கொண்டு "சூடு, சூடு" என்பார். அவரை நாங்கள் கூப்பிடுவதே சூடு அண்ணன் என்றுதான். பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற டேப் அக்கா எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டுகளில் சீட்டு ஒட்டுவேன். இப்படி ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது மாமா. இப்போது அந்த வேலை போய்விட்டது. வேலை போன செய்தி வந்த அரை மணி நேரத்தில் அம்மா துணிக்கடையில் பேசி முடித்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் நான் கடை வாசலில் நின்று தெருவில் போகிறவர்களைப் பார்த்து "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, புதுசு வந்திருக்கு" என்று கூப்பிட வேண்டுமாம். நானா? நினைக்கும்போதே காது சூடாகிறது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இதெல்லாம் ஒரு பச்சை இலையில் ஆரம்பித்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பெரிய கடையிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார். நாங்கள் செய்யும் பிஸ்கட்டில் பாதி அந்தக் கடைக்குத்தான் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் முதலாளியிடம், இப்போது நிறையப் பேர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மரபணு மாற்றிய பொருள் எதுவும் இதில் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று தேடுகிறார்கள், எழுதியிருந்தால் நன்றாக ஓடும் என்றார். முதலாளி, "அது கெட்டதா சார்?" என்று கேட்டார். "நல்லது கெட்டதுன்னு நான் சொல்ல வரல. தெரிஞ்சு வாங்கணும்னு நினைக்கிறாங்க, அவ்வளவுதான். ஒட்டியே ஆகணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. நீங்களா இஷ்டப்பட்டு ஒட்டுறது. ஆனா ஒட்டினா அது உண்மையா இருக்கணும், அதுக்குக் காகிதம் வேணும்" என்றார் அவர். நானும் டேப் அக்காவும் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தோம், முழுவதும் எங்கள் காதில் விழுந்தது. முதலாளியின் காதில் 'நன்றாக ஓடும்' வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. மறுநாளே பத்தாயிரம் சீட்டு அச்சடித்துக்கொண்டு வந்து நின்றார். வட்டச் சீட்டு, நடுவில் பச்சை இலை, மேலே வளைவாக 'மரபணு மாற்றப்பட்ட பொருள் இல்லாதது' என்று எழுத்து, அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைதான் என்னைக் கெடுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மரபணு என்றால் என்ன என்று எனக்கு முழுசாகத் தெரியாது. அந்தப் பாடம் புத்தகத்தின் கடைசியில் இருந்தது, அதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். டேப் அக்காதான் விளக்கினாள். "ஒரு செடிக்குள்ள அதோடது இல்லாத குணத்தை வெளியில இருந்து எடுத்து வைக்கிறாங்களாம். பூச்சி கடிக்காம இருக்க, மருந்தடிச்சா வாடாம இருக்க. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. என் மாமியார் மாதிரி" என்றாள். சூடு அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த ஒரே நாள் அதுதான்.

பத்தாயிரம் சீட்டு கையில் இருந்தால் எதிலாவது ஒட்டித்தானே ஆக வேண்டும்? கோதுமை பிஸ்கட்டில் ஒட்டினோம். மக்காச்சோள பிஸ்கட்டில் ஒட்டினோம். ரஸ்கில் ஒட்டினோம். பிஸ்கட் போக உப்பும் பொட்டலம் போடுகிறோம் அல்லவா, ஒரு நாள் காலையில் முதலாளி உப்பு மூட்டைகளையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"உப்புல ஏது சார் மரபணு?" என்றாள் டேப் அக்கா.

"இல்லைல்ல?"

"இல்லை சார்."

"இல்லைன்னுதானே சீட்டுல போட்டிருக்கு? அப்ப ஒட்டு."

டேப் அக்கா ஒரு மூட்டையைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள். அன்றைக்கு உப்பு முடிந்ததும் பல் குத்தும் குச்சி வந்தது.

சீட்டு ஒட்டிய பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போன பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரே அலமாரியில் சீட்டு ஒட்டினதும் ஒட்டாத பழைய சரக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒட்டாததில் 'அது' இருக்கிறது என்றுதானே அர்த்தமாகிறது? முதலாளி ஒவ்வொரு கடைக்காரரிடமும் "அதுலயும் இல்லீங்க" என்பார். "அப்ப ஏன் அதுல ஒட்டல?" என்பார்கள். "அப்ப சீட்டு இல்லீங்க" என்பார். எது இல்லை, எது இருந்தது என்று அவருக்கே குழம்பி, கடைசியில் என்னை ஒரு சீட்டுச் சுருளோடு கடை கடையாக அனுப்பினார், பழைய சரக்கில் ஒட்டிவிட்டு வர. முதல் கடையிலேயே மாட்டிக்கொண்டேன். நான் அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரப் பையன் வந்து, "ஏய், யாரு நீ? விலையை மாத்துறியா?" என்று சத்தம் போட்டான். சுருளைத் தூக்கிக் காட்டினேன். அவன் அதை உரக்கப் படித்தான். அதற்குள் சாமான் வாங்க வந்த நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "போன வாரம் இதைத்தானே வாங்கிட்டுப் போனேன், அதுல இருந்துச்சா? பிள்ளை பாதியைத் தின்னுட்டானே!" என்று பதறினாள். அதே மாவு, அதே அடுப்பு, அதே சூடு அண்ணன் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவள் பைக்குள் கையை விட்டு, வாயில் ரப்பர் பேண்ட் போட்ட பாதி பாக்கெட்டை எடுத்து நீட்டி, "இதுக்கும் ஒண்ணு ஒட்டிக் குடும்மா" என்றாள். ஒட்டினேன். உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. தின்ற பாதிக்கு என்ன செய்வது என்று நல்லவேளை கேட்கவில்லை. அன்று பதினோரு கடை ஏறி இறங்கினேன் மாமா. பாதத்தில் கொப்புளம்.

அடுத்த வாரம் கொள்முதல் அதிகாரி மறுபடி போன் செய்து, "காகிதம் எங்கே?" என்று கேட்டார். நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும், அது எங்கிருந்து வருகிறது, மரபணு மாற்றியதா இல்லையா என்று விற்றவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார். முதலாளி கம்பெனியை ஒரு சுற்றுப் பார்த்தார். கரும்பலகையில் யார் யாருக்கு என்ன வேலை என்று தினமும் எழுதுவது நான்தான். "உன் எழுத்து நல்லாருக்கே, நீயே எல்லாருக்கும் ஒரு கடிதம் போட்டுடு" என்றார். போனில் பேசச் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஏழு பேருக்கு ஏழு கடிதம் எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பதில்கள் வந்தன. கோதுமை மாவு மில்காரர் முத்திரை வைத்து, இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். உப்புக்காரர், "எங்கள் உப்பு கடலில் இருந்து வருகிறது, அதன் அப்பா அம்மாவைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, இனி இப்படிக் கேலிக் கடிதம் எழுத வேண்டாம்" என்று கோபமாக எழுதியிருந்தார். சர்க்கரைக்காரர் போன வருஷத்து நாட்காட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் கோப்பில் போட்டேன். கடைசியாக மக்காச்சோள மாவுக்காரரின் பதில் வந்தது. அவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். "அன்புடையீர், நாங்கள் பல இடங்களிலிருந்து சோளம் வாங்குகிறோம். எல்லாம் ஒரே கிடங்கில் கலந்துவிடுகிறது. அதில் எது எப்படிப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. உண்மையைச் சொல்வதானால் தெரியாது. விசாரிக்கிறோம்" என்று எழுதியிருந்தார்.

எங்களிடம் அதிகம் ஓடுவது மக்காச்சோள பிஸ்கட். அதிகம் சீட்டு ஒட்டியதும் அதில்தான்.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் பாவாடை மடிப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலாளியிடம் சொல்லப் போகவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் மேஜை முன்னால் போய் நின்றபோது, டீ குடித்த கிளாஸை என் கையில் கொடுத்தார். கழுவி வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை துணிந்து, "சார், சோளம்..." என்றேன். "ஆமா, நல்லா ஓடுதுல்ல?" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, நாக்கும் வரவில்லை. மூன்றாம் தடவை ஒன்றும் பேசாமல் கடிதத்தைக் கோப்பின் மேலேயே தெரிகிற மாதிரி வைத்து, கோப்பை அவர் மேஜையில் வைத்தேன். அவர் கோப்பைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தார்.

டேப் அக்காவிடம் சொல்லியிருந்தால் அவளாவது அவரிடம் சொல்லியிருப்பாள். அந்தத் திங்கட்கிழமை பார்த்து அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்குத்தான் பெரிய கடைக்குப் பன்னிரண்டு பெட்டி மக்காச்சோள பிஸ்கட் போக வேண்டும். இருநூற்று நாற்பது பாக்கெட். நான் ஒருத்தியே ஒட்ட வேண்டும். ஒட்டாமல் அனுப்பினால் பெரிய கடை திருப்பி அனுப்பிவிடும். ஒட்டி அனுப்பினால், தெரியாததைத் தெரியும் என்று நானே என் கையால் சொன்னதாகிறது. பாதிப் பாக்கெட்டை நீட்டிய அந்த அம்மாவின் முகம்தான் வந்து வந்து நின்றது. சீட்டு ஒட்டியதும் அது எப்படித் தெளிந்தது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். முதல் பாக்கெட்டை எடுத்தேன், ஒட்டினேன், பார்த்தேன். அடியில் அந்த ஒரு விரல் வெள்ளை சும்மா கிடந்தது. பெட்டிக்கு முகவரி எழுதுகிற மெல்லிய மார்க்கர் பேனா கையிலேயே இருந்தது.

'மக்காச்சோள மாவு பற்றி மட்டும் உறுதியாகத் தெரியாது. கேட்டிருக்கிறோம்' என்று பொடியாக எழுதினேன்.

எழுதியதும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒட்டியும் ஆயிற்று, பொய்யும் இல்லை, யாரிடமும் பேசவும் வேண்டியதில்லை. அப்படியே அடுத்ததில் எழுதினேன், அடுத்ததில் எழுதினேன். அறுபது பாக்கெட் வரை முழுசாக எழுதினேன். அதற்கு மேல் விரல் மரத்துப் போய், 'சோளம் தெரியாது, கேட்டிருக்கிறோம்' என்று சுருக்கினேன். நூற்றைம்பதுக்கு மேல் வெறும் 'கேட்டிருக்கிறோம்' மட்டும்தான். சூடு அண்ணன் ஒரு தடவை தட்டோடு கடந்து போகும்போது எட்டிப் பார்த்து, "என்னம்மா கையெழுத்தெல்லாம்?" என்றார். நான் சிரித்தேன். முதலாளி சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார். சாயங்காலம் வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது.

புதன்கிழமை பகல் போன் வந்தது. முதலாளி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், கம்பெனி முழுக்கக் கேட்கும்.

"உங்க பாக்கெட் ஒண்ணைக் கையில வெச்சிருக்கேன்" என்றார் கொள்முதல் அதிகாரி. "மரபணு மாற்றப்பட்ட பொருள் இல்லாதது, கேட்டிருக்கிறோம். இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"எங்க சீட்டுல அப்படி இல்லையே சார்."

"இன்னொண்ணு படிக்கிறேன், கேளுங்க. சோளம் தெரியாது, கேட்டிருக்கிறோம். யாரைக் கேட்டிருக்கீங்க? கடைக்கு வர்ற ஆளுங்க என்னைக் கேக்குறாங்க."

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "சார், இது யாரோ வேணும்னே பண்ண வேலை. நமக்கு ஆகாதவன் எவனோ" என்று சொல்லிக்கொண்டே கிடங்குக்கு ஓடி, அன்று நசுங்கியிருந்ததால் பெட்டியில் வைக்காமல் நான் மாற்றிய பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் எழுத்து. எழுத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கரும்பலகையைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"எத்தனை பாக்கெட்?"

எல்லாம் என்று கையைச் சுற்றிக் காட்டினேன்.

"ஏம்மா, இதை வாயால சொல்லக் கூடாதா? இருநூத்தி நாப்பது தடவை எழுதத் தெரியுது, ஒரு தடவை சொல்லத் தெரியலையா?"

அவர் கேட்டது நியாயம்தான் மாமா. கத்தியிருந்தால்கூட ஓரமாக நின்று அழுதுவிட்டு வந்திருப்பேன். மெதுவாகக் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. நான் கோப்பைக் கைகாட்ட, டேப் அக்கா அதன் மேலிருந்த சோள மாவுக்காரர் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சார், பிள்ளை சொல்லாம இல்ல, வெச்சிருக்கா. உங்க சாப்பாட்டு டப்பாதான் மறைச்சிடுச்சு" என்றாள். அதில் குழம்புக் கறை வட்டமாக இருந்தது. அவர் படித்தார், இன்னும் சோர்ந்து போனார். "வீட்டுக்குப் போம்மா. உங்க மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. வந்து மூன்று நாளாகப் போகிறது. அம்மா என் பக்கம் பார்க்கும்போதெல்லாம் வாசலில் நின்று கூப்பிடுவது எப்படி என்று சொல்லித் தருகிறாள். "சிரிச்ச முகமா நில்லுடி, கடன் கேக்க வந்தவ மாதிரி நிக்காத" என்கிறாள். எனக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது, திரும்பி வந்ததும் முதலாளிக்கு நீங்களே ஒரு போன் செய்து, சின்னப் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள், இனி பாக்கெட்டில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டாள் என்று சொல்லி, எப்படியாவது என்னைத் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். கொடுத்ததை ஒட்டுவேன், பேனாவைத் தொட மாட்டேன். ஆனால் 'தெரிந்தே பொய்ச் சீட்டு ஒட்டுவாளா?' என்று அவர் கேட்டால் மட்டும், ஒட்டுவாள் என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சை மாற்றிவிடுங்கள். லாரி டயர் விலையைப் பற்றி ஆரம்பித்தால் அவர் அரை மணி நேரம் பேசுவார். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் கால் தொட்டு வணங்கியதாகச் சொல்லுங்கள். சின்னவளுக்கு என் முத்தங்கள். நீங்கள் வழியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கண் அயர்ந்தால் வண்டியை ஓரம் கட்டித் தூங்கிவிட்டு, பத்திரமாக வந்து சேர வேண்டும் என்பதே அம்மாவின் வேண்டுதலும் என்னுடையதும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். இன்று சனிக்கிழமை. தபாலில் போடக் கிளம்பிக்கொண்டிருந்தபோது முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார், பின்னாலேயே டேப் அக்காவும். அம்மா பதறிப் போய் உட்கார நாற்காலி தேடினாள். அவர் நிற்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்து, அக்குளில் இடுக்கியிருந்த பெரிய சுருளைப் பக்கத்தில் வைத்தார். பெரிய கடையில் நான் எழுதிய பாக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். எழுதாதது அப்படியே நிற்கிறதாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கம்பெனி எது என்று ஆட்கள் கேட்டு வாங்குகிறார்களாம். அதனால் என் கையெழுத்தையே படம் பிடித்து, 'கேட்டிருக்கிறோம்' என்று பத்தாயிரம் சீட்டு அச்சடித்துவிட்டார். கோதுமை, ரஸ்க், எல்லாவற்றிலும் ஒட்டலாம், வந்துவிடு என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போது டேப் அக்கா ஓர் உறையை என் கையில் கொடுத்தாள். நேற்று கம்பெனிக்கு வந்ததாம். மேலே 'கடிதம் எழுதிய பெண்ணுக்கு' என்று இருந்ததால் யாரும் பிரிக்கவில்லை. சோள மாவுக்காரர்தான். என் கடிதத்தைப் பார்த்ததும், எங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிய மாவில் தன்னிடம் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாராம். அந்த மூட்டைகளில் மரபணு மாற்றிய சோளம் இல்லை என்று வந்துவிட்டதாம். சான்றும் இணைத்திருந்தார். அடுத்த லோடு வரும்போது அதைப் பற்றித் தனியாகக் கேட்கவும் என்று முடித்திருந்தார். அதாவது மாமா, முதலில் ஒட்டிய பச்சை இலைதான் சரி. நான் இருநூற்று நாற்பது தடவை எழுதியதற்கு அவசியமே இருக்கவில்லை. இப்போது கட்டில் மேல் பத்தாயிரம்.

எழுதிக் காட்டலாம் என்று பேனாவைத் தேடினேன். கட்டிலில் கிடந்ததை முதலாளி எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

"கேட்டாச்சு சார்" என்றேன். "பதிலும் வந்தாச்சு."

அம்மா கையிலிருந்த தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பதில்?" என்றார் முதலாளி.

"இல்லையாம் சார்."

"அப்ப முதல்ல ஒட்டினது?"

"அது சரிதான் சார்."

"இது?" என்று சுருளைத் தொட்டார்.

"இதை ஒட்டக் கூடாது சார். கோதுமைக்கும் கூடாது. அதுக்கு முத்திரை வெச்சே குடுத்துட்டாங்க."

அவர் சுருளின் நுனியைப் பிரித்து, மறுபடி சுருட்டினார். "அடுத்த லோடு வந்தா?"

"மறுபடி கேக்கணும் சார். பதில் வர்ற வரைக்கும் வேணா இதை ஒட்டலாம்."

"இதுக்கெல்லாம் கடிதம் போட்டுட்டு உக்கார முடியாதும்மா. ஒவ்வொரு லோடுக்கும் இனிமே நீதான் கேக்கணும், போன்ல. திங்கக்கிழமை பத்து மணிக்குச் சோள மாவுக்காரர் இருப்பாரு, கூப்பிட்டுப் பேசிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். துணிக்கடைக்கு வர மாட்டாள் என்று அம்மா ஆள் அனுப்பிவிட்டாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். இவ்வளவு எழுதிவிட்டேனே என்று இருக்கிறது, அதனால் அனுப்புகிறேன், செய்தியாகப் படித்துக்கொள்ளுங்கள். டேப் அக்கா இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அவள் அடுக்களையில் நின்று சோள மாவுக்காரராகப் பேசுகிறாள், நான் இந்த அறையிலிருந்து அம்மாவின் போனில் கூப்பிடுகிறேன். முதல் தடவை "ஹலோ, யாரு?" என்றாள், வைத்துவிட்டேன். இரண்டாம் தடவையும் வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை "பிஸ்கட் கம்பெனியில இருந்து..." வரைக்கும் போனேன். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது.